நொடிப்பில் அடமானத்தின் வரிசை

கடன் கொடுக்கும் நாளில் எழுதப்படும் அடமானப் பத்திரம், கடன் வாங்கியவர் நொடித்துப்போகும் நாளில்தான் உண்மையான சோதனைக்கு உள்ளாகிறது. நிறுவனம் நல்ல நிலையில் நடந்து, தவணைகள் தவறாமல் வந்துகொண்டிருக்கும் வரை, அதன் நிலத்தின் மீது யாருக்கு முதல் உரிமை, யாருக்கு இரண்டாம் உரிமை என்று பதிவேட்டில் கிடக்கும் வரிகளை எடுத்துப் படிக்க வேண்டிய தேவை எவருக்கும் நேர்வதில்லை. சொத்துகளின் மதிப்பு கடன்களின் கூட்டுத்தொகைக்குக் கீழே இறங்கிய பிறகோ, ஒவ்வொரு சொல்லும் பல கோடி ரூபாய் பெறும் வழக்குப் பொருளாகிவிடுகிறது. இவை பெரும்பாலும் வங்கிகளுக்கு இடையிலான வழக்குகளாகத் தோன்றினாலும், வைப்புத்தொகை செலுத்தியவர், கடன்பத்திரம் வாங்கிய ஓய்வூதியர், வீட்டுக்கு முன்பணம் கட்டியவர், பல மாதக் கூலி பாக்கி வைக்கப்பட்ட தொழிலாளி ஆகிய அனைவருடைய பணமும் இதே வரிசையில் ஏதோ ஓரிடத்தில் நிற்கிறது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டம் இந்த வரிசையை ஒரே இடத்தில் எழுதிவைத்தது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் முதல் அடமானக்காரர் நொடிப்புக்குப் பின்னும் முதலாமவராகவே நீடிக்கிறாரா என்ற அடிப்படைக் கேள்விக்கு அச்சட்டம் தெளிவான சொற்களில் விடை தரவில்லை என்பதும், அந்த மௌனத்தின் விலையைப் பலரும் கொடுத்துவருகிறார்கள் என்பதும் கவனத்துக்குரியவை.

வரிசையின் மூல விதி பழமையானது. ஒரே சொத்தின் மீது ஒருவர் வெவ்வேறு காலங்களில் உருவாக்கிய உரிமைகள் அனைத்தும் ஒருசேர முழுமையாக நிறைவேற இயலாதபோது, பின்னால் வந்த உரிமை முன்னால் வந்த உரிமைக்கு அடங்கியே நிற்கும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 48ஆம் பிரிவில் கூறுகிறது. எடுத்துக்காட்டாக, ஓர் ஆலையின் நிலமும் கட்டடமும் 100 கோடி ரூபாய்க்கு விலைபோகின்றன என்றும், முதல் அடமானக்காரருக்கு 80 கோடியும் இரண்டாம் அடமானக்காரருக்கு 60 கோடியும் வரவேண்டியிருக்கின்றன என்றும் கொண்டால், இந்த விதியின்படி முதலாமவர் தம் 80 கோடியையும் முழுமையாக எடுத்துக்கொள்ள, எஞ்சிய 20 கோடி மட்டுமே இரண்டாமவரைச் சேரும். இருவரும் சமநிலையில் நிற்பவர்கள் என்று தீர்ப்பானால், கடன்களின் விகிதப்படி முதலாமவருக்கு ஏறத்தாழ 57 கோடியும் இரண்டாமவருக்கு 43 கோடியும் கிடைக்கும். நொடிப்பு வழக்குகளில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் வாதங்களில் பெரும்பகுதி இப்படிப்பட்ட ஒரு 23 கோடியைப் பற்றியதே.

முந்தியவர் யார் என்பதைக் கண்டறிவது பார்வைக்கு எளிது, நடைமுறையில் அப்படியில்லை. பதிவு செய்யப்பட்ட அடமானப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்றில் தெரிந்துவிடும். ஆனால் பத்திரமே எழுதாமல், சொத்தின் உரிமை ஆவணங்களைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைப்பதன் மூலமும் அடமானம் உருவாகலாம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு இந்த வகை அடமானத்துக்கு உரிய நகரங்களாகக் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, மற்ற நகரங்களை அரசு அறிவிக்கையின் மூலம் சேர்த்துக்கொள்ள வழி செய்தது. வணிகர்கள் விரைவாகக் கடன் பெற வேண்டிய துறைமுக நகரங்களின் தேவையிலிருந்து பிறந்த ஏற்பாடு அது. இவ்வாறு ஆவணங்களை ஒப்படைத்து உருவான அடமானம், அதற்குப் பின்னர் எழுதிப் பதிவு செய்யப்படும் அடமானப் பத்திரத்தை முந்தும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதை மட்டும் நம்பிக் கடன் கொடுப்பவர், தமக்கு முன்னால் வேறொருவர் நிற்பதைக் காலம் கடந்து அறிய நேரிடலாம். தமிழ்நாட்டில் வங்கிகள் ஆவண ஒப்படைப்புக் குறிப்பாணையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்வதை வழக்கமாக்கிக்கொண்டிருப்பதும், 2011 முதல் செர்சாய் எனப்படும் மத்தியப் பதிவகம் இயங்குவதும் இந்த ஆபத்தைக் குறைத்துள்ளன.

கடன் வாங்குவது நிறுவனமானால் இன்னொரு படியும் உண்டு. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், நிறுவனத்தின் சொத்தின் மீது உருவாகும் ஒவ்வொரு ஈட்டுரிமையையும் 30 நாள்களுக்குள் நிறுவனப் பதிவாளரிடம் பதிய வேண்டும் என்கிறது. ஈட்டுரிமை என்பது கடன் திரும்பாவிட்டால் குறிப்பிட்ட சொத்திலிருந்து அதை வசூலித்துக்கொள்ளும் உரிமை. பதியப்படாத ஈட்டுரிமையை நிறுவனம் கலைக்கப்படும்போது கலைப்பாளர் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார். கடன் அழிவதில்லை, ஆனால் ஈடு பெற்றவர் என்ற தகுதி அழிந்து, கடன் கொடுத்தவர் வரிசையில் பல படிகள் கீழே இறங்கிவிடுவார். முன்னதாக வந்தவரும் தம் இடத்தை இழக்கக்கூடும்: தம்மிடமிருந்த மூல ஆவணங்களைப் பெரும் கவனக்குறைவால் உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்து, அவற்றைக் காட்டி அவர் வேறொருவரிடம் கடன் வாங்க இடமளித்தவரை, அந்த இரண்டாமவருக்குப் பின்னால் நிறுத்தச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 78ஆம் பிரிவு வழிசெய்கிறது.

அடமானத்தைக் கையில் வைத்திருப்பவர் எப்போதும் கடன் கொடுத்தவரே அல்லர் என்பது இந்தத் துறையில் பலரும் அறியாத செய்தி. பத்து வங்கிகள் சேர்ந்து ஒரு நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கும்போதோ, பல்லாயிரம் பேர் அந்நிறுவனத்தின் கடன்பத்திரங்களை வாங்கும்போதோ, ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக அடமானம் எழுதுவது இயலாது. கடன்பத்திரங்கள் சந்தையில் நாள்தோறும் கைமாறுவதால், எழுதினாலும் மறுநாளே அது பழையதாகிவிடும். எனவே நிலம் ஓர் அறங்காவலரின், அதாவது டிரஸ்டியின், பெயரில் அடமானம் வைக்கப்படுகிறது. அவர் அதைக் கடன் கொடுத்த அனைவருக்காகவும் வைத்திருக்கிறார். பொதுமக்களுக்கோ, 500 பேருக்கு மேற்பட்டோருக்கோ கடன்பத்திரங்களை வழங்க முன்வரும் நிறுவனம் அதற்கு முன்பே அறங்காவலரை நியமித்தாக வேண்டும் என்று நிறுவனச் சட்டத்தின் 71ஆம் பிரிவு கட்டாயமாக்கியுள்ளது. சொத்துகள் கடனை அடைக்கப் போதாத நிலை வந்துவிட்டதாகவோ வரக்கூடுமென்றோ தாம் கருதினால், நிறுவனம் மேலும் கடன் சுமையை ஏற்றிக்கொள்வதைக் கட்டுப்படுத்துமாறு தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை நாடும் அதிகாரமும் அவருக்கு உண்டு. உரிய கவனத்தோடு நடக்கத் தவறிய அறங்காவலரை முன்கூட்டியே பொறுப்பிலிருந்து விடுவிக்கும் எந்த ஒப்பந்த வாசகமும் செல்லாது என்று அதே பிரிவு கூறுவது, சிறு முதலீட்டாளருக்குச் சட்டம் தந்திருக்கும் பாதுகாப்புகளில் மிக மதிப்புடையது.

ஈடு உண்மையிலேயே இருக்கிறதா, அது கடன் தொகைக்கு ஈடாகுமா, அதே நிலத்தின் மீது முந்திய உரிமைகள் உள்ளனவா என்பதை நிறுவனத்தின் சொல்லை நம்பி விட்டுவிடாமல் அறங்காவலர் தாமே ஆராய வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2020 நவம்பரில் சுற்றறிக்கை வெளியிட்டது. அதற்கு முந்திய மாதம், கடன்பத்திரம் வெளியிடும் நிறுவனங்கள் வெளியீட்டுத் தொகையில் 0.01 சதவீதத்தை, உச்ச அளவு 25 லட்சம் ரூபாய் வரை, வசூல் செலவு நிதியாக ஒதுக்கிவைக்க வேண்டும் என்றும் அது விதித்தது. நிறுவனம் தவறிய பின் வழக்கு நடத்தக் கையில் பணமில்லை என்பதே அறங்காவலர்களின் தாமதத்துக்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த காரணம் என்பதால், இந்த ஏற்பாடு பொருத்தமானதே. உச்ச நீதிமன்றம் வரை செல்லும் ஒரு வழக்குக்கு அந்தத் தொகை எவ்வளவு தூரம் வரும் என்பது வேறு விஷயம்.

நொடிப்புச் சட்டத்தில் இன்னொரு வகை அறங்காவலரும் இருக்கிறார். அவர் கடன் கொடுத்த ஒரு பிரிவினருக்காக மட்டுமல்லாமல், நொடித்தவரின் எஞ்சிய சொத்து முழுவதையும் எல்லோருக்காகவும் ஏற்று நடத்துகிறார். சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மாகாணத் தலைநகரங்களுக்கென 1909இல் இயற்றப்பட்ட நொடிப்புச் சட்டத்தின் கீழ், திவாலானவரின் சொத்துகள் உயர் நீதிமன்றத்தின் சொத்தாட்சியரான அபிஷியல் அசைனியைச் சென்றடைந்தன. நிறுவனங்களைப் பொறுத்தவரை இன்று இதற்கு இணையான பணியை மீட்புக் கட்டத்தில் தீர்வு வல்லுநரும், கலைப்புக் கட்டத்தில் கலைப்பாளரும் செய்கிறார்கள். இந்தப் பதவிகள் அனைத்துக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு: நொடித்தவருக்கு இருந்த உரிமையைத் தாண்டி எதுவும் அவர்களுக்குக் கிடைக்காது. நிலம் அடமானத்தில் இருந்தால் அடமானத்தோடுதான் அவர்கள் கைக்கு வரும். ஆனால் ஒரு வகையில் அவர்களுடைய அதிகாரம் நொடித்தவரின் அதிகாரத்தைவிடப் பெரிது. வீழ்ச்சியை எதிர்நோக்கியிருந்த காலத்தில் ஒருவருக்குச் சலுகையாக எழுதிக்கொடுக்கப்பட்ட அடமானத்தை நீக்கும்படி தீர்ப்பாயத்தைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. இப்போதைய சட்டத்தில், தொடர்புடைய தரப்பினருக்குச் சாதகமான நடவடிக்கையானால் முந்திய இரண்டு ஆண்டுகளையும், மற்றவர்களுக்கானால் முந்திய ஓர் ஆண்டையும் திரும்பிப் பார்க்கலாம்.

இந்த அதிகாரத்தின் வலிமையை ஜேபி இன்ஃப்ராடெக் வழக்கு நாடறியக் காட்டியது. நொய்டாவிலிருந்து ஆக்ரா செல்லும் யமுனை விரைவுச்சாலையை அமைத்த இந்த நிறுவனம், சாலையை ஒட்டிய நிலங்களில் குடியிருப்புகளைக் கட்டித் தருவதாகக் கூறி 20,000க்கும் மேற்பட்டவர்களிடம் பணம் வாங்கியிருந்தது. 2017 ஆகஸ்டில் அதன் மீது நொடிப்பு நடவடிக்கை தொடங்கியபோது, அதன் 858 ஏக்கர் நிலம் அதன் சொந்தக் கடனுக்காக அல்லாமல், தாய் நிறுவனமான ஜெயபிரகாஷ் அசோசியேட்ஸ் வாங்கிய கடன்களுக்காக அடமானம் வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. தாய் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த வங்கிகளின் கையில் முறையாகப் பதிவான பத்திரங்கள் இருந்தன. வரிசையை மட்டும் பார்த்தால் வீடு வாங்கியவர்கள் அவர்களுக்குப் பின்னால்தான் நின்றிருக்க வேண்டும். 2020 பிப்ரவரி 26 அன்று உச்ச நீதிமன்றம் 758 ஏக்கர் மீதான அடமானங்களைச் சலுகை நடவடிக்கைகள் என்று தீர்மானித்து நீக்கியதோடு, தாய் நிறுவனத்துக்கு மட்டும் கடன் கொடுத்தவர்கள் துணை நிறுவனத்துக்கு நிதிக்கடன் கொடுத்தவர்கள் ஆக மாட்டார்கள் என்றும் கூறியது. குழும நிறுவனங்களுக்காக ஈடு தருவது வழக்கமான வணிக நடைமுறையே என்று வங்கிகள் முன்வைத்த வாதம், இந்தச் சூழ்நிலையில் ஏற்கப்படவில்லை. நெருக்கடியில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு நிறுவனம் தன் நிலத்தையும் பிறர் கடனுக்காக எழுதிக்கொடுப்பதை வழக்கமான வணிகம் என்று ஏற்றிருந்தால், வீட்டுக்குப் பணம் கட்டியவர்களின் நிலை என்னவாகியிருக்கும் என்பதைக் கருதிப் பார்க்கும்போது, இந்தத் தீர்ப்பின் நியாயம் தெளிவாகும்.

சலுகையாகவோ மோசடியாகவோ பெறப்படாத, முறையான முதல் அடமானத்தின் நிலை வேறு. நிறுவனச் சட்டத்தில் 1985இல் சேர்க்கப்பட்ட 529அ பிரிவு, தொழிலாளர் பாக்கியையும் ஈடு பெற்றோரின் கடனையும் சமநிலையில் வைத்து மற்ற அனைத்துக்கும் முன்னால் நிறுத்தியது. அப்பிரிவு ஈடு பெற்றோரை முதலாமவர், இரண்டாமவர் என்று பிரித்துப் பேசவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு, சிட்கோ லெதர்ஸ் என்ற தோல் நிறுவனத்தின் கலைப்பு வழக்கில், நடைமுறை மூலதனம் கொடுத்து இரண்டாம் ஈட்டுரிமை பெற்றிருந்த பஞ்சாப் நேஷனல் வங்கி, முதல் ஈட்டுரிமை பெற்றிருந்த ஐசிஐசிஐ உள்ளிட்ட நிதி நிறுவனங்களோடு தானும் சமம் என்று வாதிட்டது. அலகாபாத் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 2006இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஒருவருக்கு ஏற்கெனவே இருக்கும் சட்டப்பூர்வ உரிமையை நாடாளுமன்றம் பறிக்க விரும்பியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கும் என்றும், சொல்லாத இடத்தில் பறித்ததாக ஊகிக்கக் கூடாது என்றும், சொத்து மாற்றுச் சட்டத்தின் 48ஆம் பிரிவு கலைப்பின்போதும் உயிரோடிருக்கிறது என்றும் அது விளக்கியது.

பத்தாண்டுகளுக்குப் பின் வந்த நொடிப்புச் சட்டம் இதே கேள்வியைப் புதிய வடிவில் எழுப்பிவிட்டது. கலைப்புக் கட்டத்தில் ஈடு பெற்றவருக்கு அது இரண்டு வழிகளைத் தருகிறது. 52ஆம் பிரிவின்படி அவர் தம் ஈட்டைத் தாமே விற்று வசூலிக்கலாம். விற்ற பின்னும் பாக்கி நின்றால், அந்தப் பாக்கிக்கு அரசு நிலுவைகளோடு சேர்ந்து பல படிகள் கீழேதான் இடம் கிடைக்கும். அல்லது ஈட்டைப் பொதுத் தொகுப்புக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, 53ஆம் பிரிவின் வரிசையில் பங்கு கேட்கலாம். அந்த வரிசையில் நொடிப்பு நடவடிக்கையின் செலவுகள் முதலிலும், 24 மாதத் தொழிலாளர் பாக்கியும் ஈட்டை விட்டுக்கொடுத்தோரின் கடனும் சமநிலையில் அடுத்த இடத்திலும் வருகின்றன. பிற ஊழியர்களின் 12 மாத ஊதியம், ஈடற்ற நிதிக்கடன்கள், அரசு நிலுவைகள், ஏனைய கடன்கள் ஆகியவை அதன் பின்னரும், பங்குதாரர்கள் கடைசியிலும் நிற்கிறார்கள். சமநிலையில் வைக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் இந்த வரிசையைக் குலைத்தால் கலைப்பாளர் அதைப் பொருட்படுத்தக் கூடாது என்று அப்பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது.

இந்த உட்பிரிவு முதல், இரண்டாம் ஈட்டுரிமை வேறுபாட்டையே அழித்துவிடுகிறதா? அரசு அமைத்த நொடிப்புச் சட்டக் குழு 2018இல் இதை ஆராய்ந்து, ஈடு பெற்றோர் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட முன்பின் வரிசை சட்டத்தின் படிநிலையைக் குலைப்பதாகாது என்று கருதியது. ஆனால் குஜராத் ஓலியோ கெம் நிறுவனத்தின் கலைப்பு தொடர்பான வழக்கில், ஈட்டை விட்டுக்கொடுத்த பின் அனைவரும் சமமே என்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஏப்ரலில் தீர்ப்பளிக்க, அந்தத் தீர்ப்பின் செயல்பாட்டை அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. தீர்ப்பாயத்தின் பார்வை நடைமுறையில் எதற்கு வழிவகுக்கும் என்பதை எண்ணிப்பார்த்தால் அதன் குறை புலப்படும். விட்டுக்கொடுத்தால் 57 கோடி, வெளியே நின்று விற்றால் 80 கோடி என்ற நிலையில் எந்த முதல் அடமானக்காரரும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஆலையின் நிலத்தை ஒருவரும் இயந்திரங்களை மற்றொருவருமாகத் தனித்தனியே விற்கத் தொடங்கினால், முழு ஆலையாக விற்றுக் கூடுதல் விலை பெறும் வாய்ப்பு போய்விடும். அந்த இழப்பு தொழிலாளரையும் ஈடற்றோரையும்தான் முதலில் தாக்கும். சமத்துவம் என்ற பெயரில் செய்யப்படும் ஏற்பாடு பலவீனமானவருக்கே கேடாக முடியக்கூடிய இடம் இது. 2006இன் தீர்ப்பு சொன்ன நெறியே சட்டத்தின் சொற்களுக்கும் வணிகத்தின் இயல்புக்கும் பொருந்துகிறது.

நிறுவனம் கலைக்கப்படாமல் மீட்புத் திட்டத்தின் மூலம் புதியவர் கைக்கு மாறும்போது வரிசையின் நிலை இன்னும் சிக்கலாகிறது; அங்கே பங்கீட்டைத் தீர்மானிப்பது கடன் கொடுத்தோர் குழுவின் பெரும்பான்மை வாக்கு. எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில், 3,487 கோடி ரூபாய் கேட்ட ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கிக்குக் குழு 60.71 கோடி ரூபாயை மட்டுமே ஒதுக்கியது. அவ்வங்கியின் ஈடு முக்கியச் சொத்துகளின் மீது அல்லாமல் ஒரு துணை நிறுவனத்தின் பங்குகளின் மீது மட்டுமே இருந்தது என்பதே காரணம். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அனைவருக்கும் ஒரே விகிதம் என்று மாற்றியதை, உச்ச நீதிமன்றம் 2019 நவம்பர் 15 அன்று நீக்கி, ஈட்டின் தரத்துக்கேற்ப வேறுபடுத்தும் உரிமை குழுவுக்கு உண்டு என்றது. வேறுபடுத்தலாம் என்பது ஒன்று, வேறுபடுத்தியே ஆக வேண்டும் என்பது மற்றொன்று. 2021 மே மாதம் வந்த அமித் மெட்டாலிக்ஸ் வழக்கில், 12 கோடிக்கு மேல் மதிப்புள்ள ஈடு தன்னிடமிருந்தும் திட்டம் தனக்கு ஏறத்தாழ 2 கோடியே தருகிறது என்று முறையிட்ட, திட்டத்தை எதிர்த்து வாக்களித்த நிறுவனத்திடம், ஈட்டின் மதிப்பைக் காட்டி அதற்கேற்ற தொகையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

ருசி சோயா நிறுவனத்தின் வழக்கு இதற்கு எதிர்த்திசையில் சென்றது. சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கிக்கு அந்நிறுவனத்தின் சில ஆலைச் சொத்துகளின் மீது, வேறு எவரோடும் பகிராத தனி ஈட்டுரிமை இருந்தது. கலைப்பில் அந்தச் சொத்துகளை விற்றால் ஏறத்தாழ 243 கோடிக் கடனில் 90 சதவீதம் அளவுக்குக் கிடைத்திருக்கும். நிறுவனத்தை ஏற்க முன்வந்த பதஞ்சலியின் மீட்புத் திட்டமோ ஈட்டின் தரத்தைப் பாராமல் அனைவருக்கும் 49 சதவீத அளவில் பங்கிட்டது. 2024 ஜனவரி 3 அன்று நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, எஸ்.வி.என். பட்டி ஆகியோர், எதிர்த்து வாக்களித்தவருக்குக் கலைப்பில் கிடைக்கக்கூடிய தொகைக்குக் குறையாமல் தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் திருத்தம் சொல்வதற்கு, அவருடைய ஈட்டின் மதிப்பையும் உட்படுத்தியே பொருள் கொள்ள வேண்டும் என்று கருதி, அமித் மெட்டாலிக்ஸ் தீர்ப்போடு முரண்பாடு இருப்பதால் இந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். பெரும்பான்மையின் வணிக அறிவை நீதிமன்றம் மதிக்க வேண்டும் என்பது சரியே. ஆனால் ஈடில்லாதோர், தரம் குறைந்த ஈடுள்ளோர் ஆகியோரின் பெரும்பான்மை வாக்கு, நல்ல ஈடு பெற்றவரின் பங்கைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும் கருவியாகிவிடக் கூடாது என்ற இந்த அமர்வின் கவலை ஆழமானது.

வரிசைக்குள் அரசும் நுழைய முயல்வதுண்டு. மாநில விற்பனை வரிச் சட்டங்கள் பலவற்றில் வரி பாக்கி சொத்தின் மீதான முதல் சுமை என்று எழுதப்பட்டுள்ளது. அதன் அடிப்படையில் குஜராத் அரசு ஈடு பெற்றவரே என்று 2022 செப்டம்பரில் ரெயின்போ பேப்பர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது வங்கிகளை அதிரவைத்தது. மறு ஆண்டு ஜூலையில் ராமன் இஸ்பாத் வழக்கில் அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு, முந்திய தீர்ப்பு 53ஆம் பிரிவின் படிநிலையைக் கருதாதது என்றும், அந்த வழக்கின் சூழலுக்கு மட்டுமே உரியது என்றும் கூறி அதன் வீச்சைக் குறுக்கியது.

எஞ்சியிருப்பது, ஒரே ஈட்டைப் பலர் சமமாகப் பகிர்ந்துகொண்டிருக்கும்போது யார் முடிவெடுப்பது என்பது. சென்னையைச் சேர்ந்த சுரானா பவர் நிறுவனத்தின் கலைப்பில், ஈடு பெற்றோரில் மதிப்பின்படி 73.76 சதவீதத்தினர் தங்கள் உரிமையைப் பொதுத் தொகுப்புக்கு விட்டுக்கொடுக்க, பாரத மிகுமின் நிறுவனம் மட்டும் மறுத்ததால் சொத்தை விற்க முடியாமல் போயிற்று. ஈடு பெற்றவர்கள் நீதிமன்றத்தை நாடாமலே சொத்தைக் கைப்பற்றி விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம், கூட்டுக் கடனில் 60 சதவீதத்தினரின் முடிவு மற்றவர்களைக் கட்டுப்படுத்தும் என்கிறது. 2020 ஜூனில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த அளவுகோலையே இங்கும் எடுத்துக்கொண்டு, மறுத்த நிறுவனமும் கட்டுப்பட வேண்டும் என்றது. ஒருவரின் மறுப்பால் எல்லோருடைய பணமும் முடங்கிக் கிடப்பதைத் தவிர்த்த வகையில் இது நல்ல தீர்ப்பு.

வங்கிகளிடையே இப்படிக் கணக்கெடுப்பது எளிது. கடன்பத்திரம் வைத்திருக்கும் பல்லாயிரம் பேரிடம் அது எளிதன்று. ரிலையன்ஸ் கமர்ஷியல் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் கடன் சீரமைப்பு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ரிசர்வ் வங்கி 2019 ஜூன் 7 அன்று வகுத்த முறையின்படி வங்கிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்து ஒரு திட்டத்தை முடிவு செய்தன; ஆனால் கடன்பத்திரக்காரர்களின் சார்பில் அறங்காவலர் அத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டுமானால், ஒவ்வொரு வெளியீட்டுத் தொகுதியிலும் மதிப்பின்படி 75 சதவீதத்தினரும், எண்ணிக்கையின்படி 60 சதவீதத்தினரும் இசைய வேண்டும் என்று செபி 2020 அக்டோபர் 13 அன்று விதித்திருந்தது. எண்ணிக்கையையும் மதிப்பையும் சேர்த்துக் கேட்பதன் நோக்கம், சில பெரிய முதலீட்டாளர்கள் கூடிச் சிறியோரின் தலைவிதியை எழுதிவிடக் கூடாது என்பதே. உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்ட் 30 அன்று, செபியின் விதி பொருந்தும் என்று உறுதிசெய்தது. ஆனாலும் வெகுதூரம் முன்னேறிவிட்ட திட்டத்தைக் கலைத்தால் சிறு முதலீட்டாளர்களே இழப்பார்கள் என்பதால், அரசமைப்பின் 142ஆம் பிரிவு தந்த தனி அதிகாரத்தைப் பயன்படுத்தித் திட்டத்தை அனுமதித்து, உடன்படாதவர்கள் திட்டத்தை ஏற்கலாம் அல்லது வெளியே நின்று வேறு சட்ட வழிகளை நாடலாம் என்று வழிசெய்தது. பெரும்பான்மையின் சார்பில் செயல்படும் அறங்காவலரின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதை இவ்வளவு அக்கறையோடு வரையறுத்த தீர்ப்புகள் குறைவு.

நொடிப்பு நடவடிக்கை தொடங்கிய பின் அறங்காவலரின் பங்கு மாறிவிடுகிறது. கடன்பத்திரக்காரர்களின் சார்பில் நடவடிக்கையைத் தொடங்க விண்ணப்பிக்கும் அதிகாரத்தை மத்திய அரசின் 2019 பிப்ரவரி 27 அறிவிக்கை அவருக்கு உறுதிசெய்தது. கடன் கொடுத்தோர் குழுவில் அவர்களுடைய பேராளராக உட்காருபவரும் அவரே. 2019 டிசம்பரில் நொடிப்பு நடவடிக்கைக்குள் சென்ற திவான் ஹவுசிங் நிறுவனத்தில் இப்படித்தான் நடந்தது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் முன்னாள் தலைமை நிர்வாகி ஆர். சுப்பிரமணியகுமார் நிர்வாகியாக நியமிக்கப்பட்ட அந்நிறுவனத்தின் மீது ரூ. 87,000 கோடி அளவுக்குக் கோரிக்கைகள் இருக்க, ஏறத்தாழ ரூ. 34,250 கோடிக்கு பிரமல் குழுமத்தின் திட்டம் ஏற்கப்பட்டது. மோசடி நடவடிக்கைகளிலிருந்து பின்னாளில் மீட்கப்படக்கூடிய தொகை முழுவதும் ஒரே ஒரு ரூபாய் மதிப்பிடப்பட்டுப் புதிய உரிமையாளருக்கே செல்லும் என்ற பகுதியை, கடன்பத்திரம் வைத்திருந்த 63 மூன்ஸ் நிறுவனம் எதிர்த்து வழக்காடியது. 2025 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தை முழுமையாக உறுதிசெய்தது.

இத்தகைய முடிவுகள் எடுக்கப்படும் வாக்கெடுப்பின் முறையைக் கடன்பத்திரம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். வங்கி தன் வாக்கைத் தானே அளிக்கிறது. கடன்பத்திரக்காரர் தம் கருத்தை அறங்காவலரிடம் தெரிவிக்க, அவர் குழுவில் வாக்களிக்கிறார். ஒவ்வொருவர் விருப்பப்படியும் வாக்கைப் பிரித்து அளிக்கும் முறை முன்பு இருந்தது. பல்லாயிரக்கணக்கானோர் பதிலே அனுப்பாததால் திட்டங்கள் நிறைவேறத் தேவையான சதவீதத்தை எட்டாமல் முடங்கியதைக் கண்டு, 2019ஆம் ஆண்டின் திருத்தம் 25அ பிரிவை மாற்றியமைத்தது. அதன்படி, வாக்களித்தவர்களின் பங்கில் பாதிக்கு மேல் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கமே, வாக்களிக்காதவர்கள் உள்பட அந்தப் பிரிவினர் அனைவருடைய வாக்கையும் பேராளர் ஒருசேர அளிக்க வேண்டும். அவ்வாறு பிரிவாக ஆதரித்து வாக்களித்த பின், அதற்குள் எதிர்த்தவர்கள் தங்களை எதிர்ப்பாளராகக் கருதித் தனிப்பங்கு கேட்க முடியாது என்பதை, வீடு வாங்கியவர்கள் தொடர்பாக 2021 மார்ச்சில் ஜேபி வழக்கின் அடுத்த கட்டத் தீர்ப்பு தெளிவாக்கியது. ஆகவே அறங்காவலர் அனுப்பும் அறிவிப்பைத் திறந்து பார்க்காமல் விட்டவரின் முதல் ஈட்டுரிமையும், அதன் மதிப்பும், அதை விட்டுக்கொடுப்பதா என்ற முடிவும், அந்த அறிவிப்புக்குப் பதில் அனுப்பியவர்களில் பெரும்பங்கு வைத்திருப்போரின் கைக்குப் போய்விடுகின்றன.